பச்சை விளக்கை மனப்பாடம் செய்யாதீர்கள்: 'தி கிரேட் கேட்ஸ்பி'யைப் படிக்க ஒரு வழி

பச்சை விளக்கு என்றால் நம்பிக்கை, விளம்பரப் பலகையில் இருக்கும் கண்கள் என்றால் கடவுள், சாம்பல் என்றால் அழிவு. 'தி கிரேட் கேட்ஸ்பி'யைப் பாடமாகப் படிக்கிற பலர் இந்த மூன்று வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாவலைத் திறக்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் திறந்தேன், அதனால் கண்ணெதிரே இருந்த பாதி விஷயம் எனக்குத் தெரியவே இல்லை. இந்த நாவலில் ஒரு பொருளுக்கு ஒரு அர்த்தம் என்று எதுவும் நிலையாக இல்லை. யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்பதை வைத்து அர்த்தம் மாறிக்கொண்டே போகிறது, நாம் பிடிக்க வேண்டியது அந்த மாற்றத்தைத்தான்.

நாவல் சின்னது, மொத்தம் 9 அத்தியாயங்கள். அதனால் இரண்டு தடவை படியுங்கள், அதில் சமரசமே வேண்டாம். முதல் தடவை பென்சில் எடுக்காமல் கதைக்காக மட்டும் படியுங்கள். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான்: அமெரிக்க எழுத்தாளர் ஃபிட்ஸ்ஜெரால்ட் இதை வெளியிட்டது 1925-இல், கதை நடப்பது 1922 கோடையில், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது, ஆகவே நாயகன் கேட்ஸ்பியின் வீட்டு விருந்தில் ஆறாக ஓடும் மது எங்கிருந்து வருகிறது, அவன் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அன்றைய வாசகனுக்குத் தானாகவே எழுந்திருக்கும். அப்புறம், கதைக்காகக் கற்பனை செய்த இரண்டு ஊர்கள்: வெஸ்ட் எக் புதுப் பணக்காரர்களின் இடம், ஈஸ்ட் எக் பரம்பரைப் பணக்காரர்களின் இடம், நடுவில் ஒரு விரிகுடா. இவ்வளவு போதும்.

இரண்டாவது தடவைதான் நோட்டுப் புத்தகம். கதாபாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது போலவே பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: பச்சை விளக்கு, கண்கள், மஞ்சள் நிறம், கேட்ஸ்பி காதலிக்கும் டெய்சியின் குரல், புத்தகங்கள். அந்தப் பொருள் வரும் ஒவ்வொரு இடத்திலும் அத்தியாய எண், பார்ப்பவர் யார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இந்த மூன்றையும் குறியுங்கள். அர்த்தம் எதையும் எழுதாதீர்கள், அது பிறகு.

பச்சை விளக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் அத்தியாயத்தின் முடிவில், இருட்டில் நிற்கும் கேட்ஸ்பி தண்ணீரை நோக்கிக் கைகளை நீட்டுவதை, கதையைச் சொல்லும் நிக் பார்க்கிறான். தூரத்தில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சத்தைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை, அது யார் வீட்டு விளக்கு என்பது நிக்குக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஐந்தாவது அத்தியாயத்தில் டெய்சி கேட்ஸ்பியின் பக்கத்திலேயே நிற்கிறாள். உன் வீட்டுப் படகுத்துறையில் இரவெல்லாம் ஒரு பச்சை விளக்கு எரியுமே என்று அவன் அவளிடமே சொல்கிறான், சொன்னதும் அந்த விளக்கு அவனுக்கு வெறும் விளக்காகிவிடுகிறது. அவன் மயங்கிக் கிடந்த பொருள்களின் கணக்கில் ஒன்று குறைந்துவிட்டது என்று நிக் எழுதுகிறான். இத்தனை வருடம் ஏங்கியவள் கையைக் கோத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் ஒரு இழப்பு! கடைசியாக ஒன்பதாவது அத்தியாயம். கேட்ஸ்பி இறந்துவிட்டான், விளக்கைப் பற்றி நினைப்பது இப்போது நிக், அதுவும் அந்தக் கரையை முதன்முதலில் கண்ட டச்சு மாலுமிகளின் கண்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய பசுமையான புது உலகத்தோடு சேர்த்து நினைக்கிறான். ஒருவனின் காதல் அடையாளமாக இருந்தது ஒரு நாட்டின் கதையாகிவிட்டது. 'நம்பிக்கை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இந்த நகர்வு முழுக்கக் காணாமல் போய்விடும்.

கண்களின் பக்கமும் இப்படியே. சாம்பல் கொட்டிக் கிடக்கும் பள்ளத்தாக்குக்கு மேலே, ஒரு விளம்பரப் பலகையில் மஞ்சள் மூக்குக்கண்ணாடி போட்ட நீலக் கண்கள், டாக்டர் எக்கல்பர்க் என்ற பெயர். யாரோ ஒரு கண் மருத்துவர் தொழிலுக்காக வைத்துவிட்டு மறந்துபோன பலகை என்றுதான் இரண்டாவது அத்தியாயத்தில் நிக் சொல்கிறான். எட்டாவது அத்தியாயத்தில், மனைவி மிர்ட்டிலைப் பறிகொடுத்த வில்சன் அதே கண்களைப் பார்த்தபடி, கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறான். பக்கத்தில் இருக்கும் மிக்கேலிஸ் சொல்லும் பதிலைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: அது ஒரு விளம்பரம். கண்கள் கடவுளின் குறியீடு என்று மட்டும் எழுதினால் வில்சன் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். இரண்டு குரலையும் சேர்த்து எழுதினால்தான், நம்ப ஏதாவது வேண்டும் என்று தவிக்கும் ஒருவனுக்கு அந்த ஊரில் ஒரு விளம்பரப் பலகைதான் மிஞ்சியது என்ற கொடுமை வெளியே வரும்.

நிறங்களில் ஒரு எச்சரிக்கை. மஞ்சள் பணம், வெள்ளை தூய்மை என்று அட்டவணை போடாதீர்கள். மிர்ட்டிலை இடித்த கார் என்ன நிறம் என்று கேட்டபோது மிக்கேலிஸ் முதல் போலீஸ்காரரிடம் வெளிர் பச்சை என்கிறான், இன்னொரு சாட்சி மஞ்சள் என்கிறார். பார்த்தவர்களின் கண்ணையே முழுசாக நம்ப முடியாத நாவல் இது.

கதாபாத்திரங்களில் நிக்கிடமிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லோரையும் நாம் பார்ப்பது அவன் வழியாகத்தான். யாரையும் அவசரப்பட்டு எடைபோட மாட்டேன் என்று முதல் பக்கத்திலேயே சொல்கிறான், நான் அறிந்த நேர்மையான மனிதர்கள் வெகு சிலரில் நானும் ஒருவன் என்று மூன்றாவது அத்தியாயத்தின் முடிவில் சொல்கிறான். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் இவன் தன்னைப் பற்றிச் சொல்வதையும் வலப்பக்கம் செய்வதையும் எழுதுங்கள். டெய்சியின் கணவன் டாமுக்கு மிர்ட்டிலோடு உள்ள கள்ளத்தொடர்பு தெரிந்தும் டெய்சியிடம் பேசாமல் இருக்கிறான். டெய்சியும் கேட்ஸ்பியும் சந்திக்கத் தன் வீட்டையே கொடுக்கிறான். மிர்ட்டிலை இடித்த காரை ஓட்டியது டெய்சி என்று தெரிந்தும் கடைசியில் டாமிடம் அதைச் சொல்லாமல் விடுகிறான். இதனால் அவன் பொய்யன் என்று நான் சொல்லவில்லை, அவன் மௌனங்களையும் வாசிக்க வேண்டும் என்கிறேன்.

கேட்ஸ்பிக்கு வேறு வேலை. அவன் கதை வரிசை மாறி மாறி வருகிறது, எனவே ஒரு காலக்கோடு போட்டுவிடுங்கள். 1906-இல் சிறுவனாக அவன் எழுதிய தினசரிக் கால அட்டவணை, 17 வயதில் ஜேம்ஸ் கேட்ஸ் என்ற பெயரை மாற்றிக்கொண்டது, 1917-இல் டெய்சியின் ஊரான லூயிவில்லில் அவளோடு பழகியது, 1919-இல் டெய்சிக்கும் டாமுக்கும் திருமணம், பிறகு 1922. போட்டதும் பக்கத்திலேயே எது எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று எழுதுங்கள். எல்லாவற்றிலும் முதலில் நடந்த அந்த அட்டவணை, அவன் இறந்த பிறகு அப்பாவின் கையில்தான் நமக்குக் காட்டப்படுகிறது. ஆசிரியர் அதை ஏன் அவ்வளவு தூரம் மறைத்து வைத்தார் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு முழுக் கட்டுரைக்கே அதில் விஷயம் இருக்கிறது.

டாம், டெய்சியின் தோழி ஜார்டன் இருவரையும் சீக்கிரம் புரிந்துகொள்ளலாம். டெய்சிக்கு மட்டும் பொறுமை வேண்டும். அவள் குரலை நிக் முதல் அத்தியாயத்திலிருந்தே வர்ணிக்கப் பார்க்கிறான், ஏழாவது அத்தியாயத்தில் கேட்ஸ்பி ஒரே வரியில் முடித்துவிடுகிறான்: அவள் குரல் முழுக்கப் பணம். அந்த வரிக்குப் பிறகு முதல் அத்தியாயத்தை மறுபடி புரட்டுங்கள்.

கருப்பொருளைக் கடைசியாக எழுதுங்கள், அதையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். உழைத்தால் யாரும் உயரலாம் என்ற 'அமெரிக்கக் கனவு' என்பது தலைப்பு, கருத்தல்ல. 'பணத்தைச் சம்பாதிக்கலாம், ஆனால் பணத்தோடு பிறந்தவர்களின் உலகத்துக்குள் அந்தப் பணம் ஒருவனைச் சேர்க்காது' என்பது கருத்து, அதோடு ஒருவர் மோதலாம், ஆதாரம் கேட்கலாம். எழுதியதும் அதற்கு எதிராகப் பேசும் ஒரு காட்சியையும் நீங்களே தேடுங்கள்.

ஆதாரம் பெரிய காட்சியில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மூன்றாவது அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் நூலகத்தில், பெரிய வட்டக் கண்ணாடி போட்ட ஒருவர், புத்தகங்கள் வெறும் அட்டையால் செய்த போலி அல்ல, நிஜம் என்று வியக்கிறார், பக்கங்கள் வெட்டப்படவில்லை என்பதையும் கவனிக்கிறார். அப்போதைய புத்தகங்கள் பலவற்றில் தாள்கள் மடிப்போடு ஒட்டியபடியே வரும், வாசிப்பவர்தான் கத்தியால் வெட்டிப் பிரிக்க வேண்டும். அதாவது கேட்ஸ்பி அவற்றைப் படித்ததே இல்லை. ஒன்பதாவது அத்தியாயத்தில், விருந்துக்கு வந்த கூட்டத்தில் அநேகமாக ஒருவரும் எட்டிப் பார்க்காத சவ அடக்கத்துக்கு இந்த மனிதர் மழையில் வந்து நிற்கிறார். கண்ணாடியைக் கழற்றி, உள்ளும் புறமும் துடைக்கிறார். நோட்டில் 'புத்தகங்கள்' பக்கத்தில் எழுதிய இவரை 'கண்கள்' பக்கத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.