கோர்ஸ் முடிந்தது, கை ஓடவில்லை: பைத்தான் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன மாதம் என் மேசைக்கு வந்தான். "அண்ணா, கோர்ஸ் முடிச்சுட்டேன். ஆனா காலி ஸ்க்ரீனைத் திறந்தா கை ஓடமாட்டேங்குது" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவன் மேல் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வசனத்தை நான் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பைத்தான் என்ற ப்ரோக்ராமிங் மொழியில் கோலன் விட்டுப்போனது, இன்டென்டேஷன் (வரி ஆரம்பத்தில் விடும் இடைவெளி) தவறியது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் பைத்தானே வரி எண்ணோடு சொல்லிவிடும். அது சொல்லாத தவறுகள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

வீடியோவோடு சேர்ந்து டைப் அடிப்பது

என் ஆறு மாதத்தைத் தின்ற தவறு. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

ஸ்க்ரீனில் இடது பக்கம் வீடியோ, வலது பக்கம் எடிட்டர். அவர் ஒரு வரி அடிப்பார். நிறுத்துவேன், அதையே அடிப்பேன், ரன் செய்வேன். அவுட்புட் வரும். வந்ததும் ஒரு சந்தோஷம். இப்படியே 40 மணி நேர கோர்ஸ் ஒன்றை முடித்து, சர்டிபிகேட்டை பிரின்ட் போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு இன்டர்வியூ. கேட்டது ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு ஃபைலைத் திறந்து, எந்த வார்த்தை எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். போர்டில் 'ஓப்பன்' என்று எழுதினேன். டிக்‌ஷனரி (ஒவ்வொரு வார்த்தையையும் அதன் எண்ணிக்கையோடு ஜோடியாக வைக்கும் பட்டியல்) வேண்டும் என்பது வரைக்கும் தெரிகிறது. ஆனால் ஒரு வார்த்தை முதல்முறை வரும்போது அது டிக்‌ஷனரியில் இருக்காதே, அப்போது என்ன செய்வது? அதற்கு 'கெட்' என்று ஒரு மெத்தட் இருக்கிறது. இருந்தால் பழைய எண்ணிக்கையைக் கொடு, இல்லாவிட்டால் பூஜ்யத்தைக் கொடு என்று அதனிடம் சொல்லிவிட்டு ஒன்றைக் கூட்டினால் வேலை முடிந்தது. ஒரே வரி. அந்த வரியை வீடியோ பார்த்து மூன்று தடவையாவது அடித்திருந்தேன். யாராவது எழுதிக் காட்டியிருந்தால் "ஆமாம், இதுதான்" என்று தலையாட்டியிருப்பேன். நானாக எழுதத்தான் வரவில்லை. எதிரில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அந்தக் கருணைதான் இன்னும் உறுத்துகிறது.

பின்சீட்டில் உட்கார்ந்து பத்து தடவை போன ஊர்தான். தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனால், எந்தத் திருப்பம் என்று தெரியாமல் டீக்கடையில் நிறுத்தி விசாரிப்போம் இல்லையா, அதே கதை.

இது என் ஒருவனுடைய மண்டைக் கோளாறு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிறகு கண்ணில் பட்டது. ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் மூடிவைத்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களுக்குத்தான் கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். 'கூடவே அடித்துப் பழகுங்கள்' என்று ஒவ்வொரு கோர்ஸும் விற்பது அந்த ஐந்து நிமிட வெற்றியைத்தான். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

இப்போது நான் சொல்லிக்கொடுப்பது இது. வீடியோவைக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். மூடுங்கள். காலி ஃபைலில் எழுதுங்கள். சிக்கினால் பத்து நிமிடம் சிக்கிக்கொண்டே இருங்கள். அப்புறம் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் மூடுங்கள். ஓடியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுநாள் முதலிலிருந்து எழுதுங்கள். "அழிக்கணுமாண்ணா?" என்று தம்பி கேட்டபோது, ஏதோ சொத்தை எழுதிக் கொடுக்கச் சொன்ன மாதிரி அவன் முகம் போயிற்று. ஆமாம்பா, அழிக்கத்தான் வேண்டும்.

நாலு கலரில் நோட்ஸ் எடுப்பது

பேனா வாங்கிய காசுக்கு டீ குடித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு மணி நேரம்

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துப் பார்த்து, 1885இல் முடிவை வெளியிட்டார். மறதியில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. ஞாயிறு படித்ததை அடுத்த ஞாயிறு தொட்டால், பாதி நாள் பழையதைத் துழாவுவதிலேயே போகும். தினமும் 25 நிமிடம் போதும்.

அதற்காக '100 நாள் விடாமல்' என்று சபதம் எடுக்காதீர்கள். என் சபதம் 19ஆம் நாள் ஒரு கல்யாண வீட்டில் உடைந்தது. உடைந்ததுதான் உடைந்தது என்று இரண்டு மாதம் லேப்டாப்பையே தொடவில்லை. இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் உட்காருங்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் வாரத்தில் மொழி மாறுவது

பைத்தானில் ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) வரை, ஜாவாஸ்கிரிப்டில் ஃபார் லூப் வரை, அப்புறம் 'கோ'வில் ஃபார் லூப் வரை. மூன்று மொழியில் ஃபார் லூப் மட்டும் தெரிந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் மூடுவது

அது பிழைச் செய்தி. கடைசி வரியிலிருந்து படியுங்கள்.

எடுத்தவுடன் ஏஐயிடம் கேட்பது

வீடியோவுக்குச் சொன்னதேதான்.

யாரோ சொன்ன ப்ராஜெக்டைச் செய்வது

கால்குலேட்டர், டு-டூ லிஸ்ட். எல்லோரும் செய்கிறார்கள், செய்தவரே திறந்து பார்ப்பதில்லை. உற்சாகம் வடிவது இங்கேதான்.

எனக்கு உயிர் வந்தது அந்த இன்டர்வியூ கேள்வியை வீட்டில் ஒரு தமிழ்க் கட்டுரையின் மேல் ஓட்டிப் பார்த்தபோது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டேன். பைத்தான் 5 என்றது. மூன்றுதானே? எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. சரி என்று, சொற்களைப் பிரிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வரிசைகளைத் தேடும் முறை) 'எழுத்து' என்பதற்கு எல்லோரும் போடும் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ'வைப் போட்டேன். 'தமிழ்' உடைந்து 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வந்தது. இகரக் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிக்காமல், அந்த இடங்களில் வெட்டியிருக்கிறது. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து சரி செய்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அன்று கற்றது ஒன்றுகூட மறக்கவில்லை.

தம்பியின் அம்மா ஊரில் ஏலச்சீட்டு நடத்துகிறார். 20 பேர், மாதா மாதம் ஏலம், தள்ளு போக ஆளுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று இன்னமும் நோட்டில்தான் கணக்கு. அதை எடுத்துச் செய் என்றேன். நேற்று வந்தான். "அண்ணா, என் ப்ரோக்ராம்ல 18 ரூபா இடிக்குது. அம்மா நோட்டுல சரியா இருக்கு."

எங்கே இடிக்கிறது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.