பச்சை விளக்கு மயக்கம்: ஹைப்ரிட் ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

எதிர்வீட்டுக்காரர் போன மாதம் ஹைப்ரிட் கார் வாங்கினார்; பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் இருக்குமே, அது. ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஒரு சுற்று. லிட்டருக்கு 19தான் வருகிறது என்று வழியெல்லாம் புலம்பல். அவர் ஓட்டியதைப் பார்த்தால், 4 வருடத்துக்கு முந்தைய என்னைப் பார்த்தது போலவே இருந்தது. டயர் காற்று, டிக்கியில் வேண்டாத மூட்டை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஈவி விளக்கு அணையக் கூடாது என்று ஓட்டுவது

இன்ஜின் அணைந்து பேட்டரியில் மட்டும் கார் ஓடும்போது எரியும் பச்சை விளக்கு அது. இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “சார், இன்ஜினே எழுந்திருக்காம ஓட்டுறேன் பாருங்க” என்றார். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறார், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பெருங்களத்தூர் நெரிசலில் பேட்டரி அடிமட்டத்துக்கு வந்தது. கார் நின்றுகொண்டிருக்கும்போதே இன்ஜின் எழுந்து, சார்ஜ் ஏற்றுவதற்காகவே பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது.

பிளக்கில் செருகாத ஹைப்ரிடில் பேட்டரிக்குச் சொந்த வருமானம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பி வரும்; மற்றதெல்லாம் இன்ஜினிடம் வாங்கிய கைமாற்று. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்களில் இருக்கும் பேட்டரி வீட்டு மீட்டர் கணக்கில் முக்கால் யூனிட்தான் (0.76). அதையும் முழுசாகக் காலிசெய்ய கார் விடாது. இன்ஜின் சுற்றி, மின்சாரமாகி, பேட்டரிக்குள் போய், மறுபடி வெளியே வந்து சக்கரத்தைத் திருப்புவதற்குள் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஒழுகிவிடும்.

ஹைப்ரிட்களில் சிக்கனத்துக்காக வைக்கும் அட்கின்சன் வகை இன்ஜினுக்கு ஓரளவு சுமை கொடுத்தால்தான் பிடிக்கும். அதனால் கிளம்பும்போது தயங்காமல் மிதியுங்கள். டாஷ்போர்டு மீட்டரில் முள் ‘பவர்’ பகுதிக்குள் போகாமல் இருந்தால் போதும். 50 வந்ததும் காலை எடுங்கள். இன்ஜின் அணையும். அப்புறம் மிதியை லேசாகத் தொட்டு அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஈவி விளக்கு தானாக எரிய வேண்டிய இடம் இதுதான்.

எனக்கு இது புரிய ஆறு மாதம் ஆனது. அந்தப் பச்சை விளக்கு எதற்கு எரிகிறது என்றுகூட என் மனைவி கேட்டதில்லை. அதே காரை அவர் ஆபீசுக்கு எடுத்துப்போன வாரங்களில் 23-க்குக் குறைந்ததில்லை.

நியூட்ரலுக்குத் தள்ளுவது

பழைய டீசல் பழக்கம். சிக்னலிலும் இறக்கத்திலும் கை தானாக கியருக்குப் போகும். டொயோட்டா வகை ஹைப்ரிடில் N-இல் இருந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது. பிரேக்கில் திரும்ப வேண்டிய மின்சாரமும் போச்சு. D-யிலேயே இருங்கள்.

கடைசி நொடியில் பிரேக்

திடீரென்று அழுத்தினால் பிரேக் பேடுதான் தேயும், மின்சாரம் அதிகம் திரும்பாது. தூரத்திலேயே சிவப்பைப் பார்த்து மெல்ல மிதித்தால் மோட்டாரே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

சமதரையில் B

வேண்டாம். B என்பது இறக்கத்துக்கான கியர் நிலை; ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது தேவைப்படும். பாதி மலையிலேயே பேட்டரி நிரம்பிவிடும். அதன்பின் பிரேக்கைத் தேய்க்காமல் வண்டியைப் பிடித்துவைக்க இன்ஜினைச் சும்மா சுற்றவிடத்தான் வேண்டும். B செய்வது அதைத்தான். ஊருக்குள் அதில் ஓட்டினால், மலையிலிருந்து இறங்காமலேயே இன்ஜினைச் சுற்றி சக்தியை வீணாக்குகிறீர்கள்.

ஏசியை அணைத்துவிட்டு வேர்ப்பது

பல ஹைப்ரிட்களில் பேட்டரியைக் குளிர்விப்பது கேபின் காற்றுதான். மே மாதத்தில் நீங்கள் வெந்தால் அதுவும் வேகும். சூடு ஏறினால் சார்ஜ் வாங்குவதைக் கார் குறைத்துக்கொள்ளும். காற்றை உறிஞ்சும் துவாரம் எங்கே என்று கையேட்டில் பாருங்கள், அதன்மேல் பையைச் சாய்த்து வைக்காதீர்கள்.

பாலுக்கு ஒரு தடவை, காய்க்கு ஒரு தடவை

ஆறிப்போன இன்ஜின் ஒவ்வொரு முறையும் சூடாவதற்காகவே ஓடும். எதிர்வீட்டுக்காரரின் பால் பூத் 600 மீட்டர். நடக்கலாம்.