கடலில் நீந்தி, சாலையில் மிதித்து, வெயிலில் ஓடி: சென்னைக் கடற்கரையில் முதல் டிரையத்லான்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டியே டிரையத்லான். முதல் முறை கலந்துகொள்பவர் ஸ்பிரிண்ட் பிரிவில் பெயர் கொடுப்பதே நல்லது. அதில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் பிரிவு இதைப் போல இரு மடங்கு. பெயர் கொடுத்த கையோடு பலர் விலை உயர்ந்த சைக்கிள் வாங்கக் கிளம்புகிறார்கள். கியரும் பிரேக்கும் ஒழுங்காக வேலை செய்யும் சைக்கிள் கையில் இருந்தால் அந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து. புதியவரைத் திணறடிப்பது பெரும்பாலும் கடல்தான்.

வேளச்சேரி நீச்சல் வளாகத்தின் 50 மீட்டர் குளத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 15 முறை நிற்காமல் நீந்த முடிந்தால் தூரம் கைவந்துவிட்டது எனலாம். ஆனால் கடலில் பிடித்து நிற்கச் சுவர் இல்லை, பார்த்து நீந்தத் தரையில் கோடும் இல்லை. ஆகவே, சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்களை மட்டும் நீருக்கு மேலே உயர்த்தி, போட்டிப் பாதையைக் காட்டும் மிதவையைப் பார்த்துவிட்டு, அதே வீச்சில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்கும் பழக்கத்தைக் குளத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். நம் கரை கிழக்கு நோக்கியது. காலைப் போட்டியில் கரையை விட்டுப் போகும்போது சூரியன் நேர் எதிரே நிற்கும், மிதவை கண்ணுக்கே தெரியாது. அதற்காகவே கறுத்த நிற நீச்சல் கண்ணாடி வேண்டும். திரும்பும்போது, கரையேறும் இடத்தைக் காட்ட மணலில் நட்ட வளைவு அலைகளுக்கிடையே மறைந்துவிடும் என்பதால், அதன் பின்னால் தெரியும் உயரமான கட்டடத்தையோ தென்னையையோ நீரில் இறங்கும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் உடையும் அலையை மார்பு கொடுத்து எதிர்க்காமல், அது உடைவதற்குச் சற்று முன் அடியில் மூழ்கி மறுபக்கம் எழ வேண்டும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாக நகர்ந்து அதன் பிடியிலிருந்து விலகிய பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். கடலில் தனியாகப் பயிற்சி செய்யவே கூடாது. அன்று இறங்கலாமா என்பதை அங்குள்ள மீனவரிடம் கேட்டுவிட்டு இறங்குவதே முறை.

நீச்சலுக்குப் பின் சைக்கிள் எடுக்கும் இடத்தை டிரான்சிஷன் என்பார்கள். காசில்லாமல் நேரத்தை மிச்சப்படுத்தக்கூடிய இடம் இதுவே. துண்டை விரித்து, ஹெல்மெட்டை வாரைத் திறந்தபடி கவிழ்த்து வைத்து, அதற்குள் வெயில் கண்ணாடியையும், அருகே எண் பட்டையையும் ஷூவையும் எடுக்கும் வரிசையிலேயே அடுக்குங்கள். காலில் ஊற்ற ஒரு பாட்டில் சாதாரணத் தண்ணீர் கட்டாயம் இருக்கட்டும். விரலிடுக்கில் தங்கிய மணல் ஓட்டத்தின் பாதிக்குள் கொப்புளமாகிவிடும். ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும்; திரும்பி வந்ததும் சைக்கிளை நிறுத்திய பிறகே வாரைக் கழற்ற வேண்டும். இதில் தவறினால் தண்டனை உண்டு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேடு என்று சொல்ல ஏதுமில்லை; அங்கே காற்றுதான் மேடு. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் மாமல்லபுரம் நோக்கித் தெற்கே போகும்போது சைக்கிள் தானாகப் பறப்பது போலிருக்கும். அந்த வேகத்தை உங்கள் பலம் என்று நம்பிக் கால்களின் சக்தியைத் தீர்த்துவிட்டால் திரும்பும் வழி முழுவதும் எதிர்காற்றில் அல்லாட நேரும். பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளில் முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதிக்க அனுமதி இல்லை. இடப்பக்கமாகச் சென்று, முந்தும்போது மட்டும் வலப்பக்கம் வர வேண்டும். கடைசிக் கிலோமீட்டரில் இலகுவான கியருக்கு மாறி வேகமாகச் சுழற்றினால் கால்கள் ஓட்டத்துக்குத் தயாராகும்.

இறங்கியதும் கால்கள் மரத்துப்போனது போலக் கனக்கும். சைக்கிள் பயிற்சி முடிந்த உடனே சிறிது தூரம் ஓடும் வழக்கத்தை வாரம் ஒருமுறையாவது வைத்துக்கொண்டவருக்கு இந்தக் கனம் விரைவில் தணியும். அதற்குள் வெயில் ஏறியிருக்கும். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் இரண்டு மடக்கு குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறையும் என்பதால், சைக்கிள் பாட்டிலில் பயிற்சியில் பழகிய ஓ.ஆர்.எஸ். கரைசலையே வைத்திருப்பது நல்லது. காலை உணவும் அப்படியே. இட்லி ஒத்துக்கொள்கிறது என்றால் இட்லியே போதும்.

போட்டி முடிந்த அன்றே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றுக்கு ஓரிரவு போதும், துரு பிடித்துவிடும்.