நகாட்டாவைப் பற்றிப் பதிவு போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பான் கால்பந்து வீரர் ஹிடெடோஷி நகாட்டா ஆட்டத்தை விட்டது 2006-ல். அப்போது பிறந்தே இருக்காத பிள்ளைகள் இன்று இத்தாலிய கிளப் பெருஜியாவுக்காக அவர் அடித்த கோல்களை ரீல்ஸ் ஆக்கிப் போடுகிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பழைய ஆசியக் கால்பந்தைப் பற்றி ரொம்ப நாளாக எழுதுகிற நாங்கள் ஆரம்பத்தில் எங்கே சறுக்கினோமோ, அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, தேதி மாறுவதெல்லாம் பெரிய விஷயமில்லை, கமெண்டில் யாராவது திருத்திவிடுவார்கள்.

"பிரேசிலிடம் தோற்ற வேதனையில் விலகினார்"

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. 2006 ஜூன் 22, ஜெர்மனியின் டோர்ட்முண்ட், உலகக் கோப்பையில் பிரேசிலோடு ஆட்டம். தமாதா முதல் கோல் அடித்தும் ஜப்பான் 4-1 என்று தோற்றது. எல்லோரும் உள்ளே போன பிறகும் நகாட்டா நடுவட்டத்தில் மல்லாந்து கிடந்தார். அப்படிக் கிடக்கிற படம் உண்மைதான், அதற்குக் கீழே எழுதுகிற கதைதான் பொய். ஜூலை 3-ம் தேதி தன்னுடைய நகாட்டா.நெட் தளத்தில் ஓய்வை அறிவித்தபோது, இந்த உலகக் கோப்பையோடு விலகுவது என்று ஏறக்குறைய அரை வருடம் முன்பே முடிவு செய்துவிட்டதாக அவரே எழுதியிருந்தார். அப்போது அவருக்கு 29 வயது. அந்தப் புல்வெளியில் அவர் கிடந்தது, இதுதான் கடைசி ஆட்டம் என்று தெரிந்தே.

ஒரு தம்பி இதே படத்தைப் போட்டு "ஒரு தோல்வி ஒரு மேதையை முடித்தது" என்று எழுதினான். நன்றாகப் பரவியது. அப்புறம் ஜப்பானிய ரசிகர் ஒருவர் வந்து அந்த அறிவிப்பிலிருந்து அந்த வரியை எடுத்து ஒட்டினார், அவ்வளவுதான், அதற்கு முன்பு அவன் உழைத்து எழுதிய நல்ல பதிவுகளையும் சேர்த்து சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதுவும் யாரைப் பற்றி? பத்திரிகைகளை நம்பாமல், 1998-லேயே சொந்தத் தளம் தொடங்கி ரசிகர்களிடம் நேரடியாக எழுதியவர். ட்விட்டரும் இன்ஸ்டாவும் வருவதற்கு எவ்வளவோ முன்பே இணையத்தில் அவருக்குக் கூட்டம் சேர்ந்தது அப்படித்தான். தன் வார்த்தையைத் தானே சொல்ல இவ்வளவு மெனக்கெட்டவர் வாயில் நாம் வசனம் திணிக்கலாமா?

"யுவென்டஸ் மேல் ரெண்டு கோல்"

இரண்டு ஆட்டத்தைக் குழப்புகிறீர்கள். இத்தாலிய கிளப்பான யுவென்டஸ் மேல் இரண்டு கோல் அடித்தது 1998-ல், பெருஜியாவுக்கான முதல் சீரி ஆ (இத்தாலியின் முதல்நிலை லீக்) ஆட்டத்தில். 2001 மே 6-ல் அதே யுவென்டஸோடு, ரோமா கிளப்புக்காக, சக வீரர் டோட்டிக்குப் பதிலாக இறங்கி 79-வது நிமிடத்தில் தூரத்திலிருந்து அடித்தது ஒன்று. கடைசி நேரத்தில் அவர் அடித்த இன்னொரு ஷாட்டை யுவென்டஸ் கோல்கீப்பர் வான் டெர் சார் தட்டிவிட, அதை உள்ளே தள்ளியவர் ரோமாவின் மொன்டெல்லா. ஆட்டம் 2-2. சீசன் முடிவில் ரோமா 75 புள்ளி, யுவென்டஸ் 73. அன்று தோற்றிருந்தால் ரோமா 74, யுவென்டஸ் 75, பட்டம் போயிருக்கும். இந்தக் கணக்கே போதுமே, எதற்குக் கூட ஒரு கோல்?

நகாமுரா படம்

இவர் படத்தை நகாட்டா என்று போடாதீர்கள். ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்குக்காக மான்செஸ்டர் யுனைடெட் மேல் ஃப்ரீகிக் கோல் அடித்தவர் ஷுன்சுகே நகாமுரா. வேறு ஆள்.

"அப்புறம் காணாமல் போனார்"

இல்லை. உலகம் சுற்றினார், ஜப்பான் முழுக்கப் போய் சாகே காய்ச்சுகிறவர்களையும் கைவினைஞர்களையும் சந்தித்தார், இப்போது சாகே தொழிலில் இருக்கிறார்.

மேட்ச் வீடியோ

டிவி காட்சியை அப்படியே ஏற்றாதீர்கள். காப்புரிமை ஸ்டிரைக் வரும்.