மதமும் அறமும்: கலந்துரையாடலைச் சண்டையாக்காமல் நடத்துவது எப்படி?

"மதம் இல்லாமல் ஒருவர் நல்லவராக இருக்க முடியுமா?" என்று கேட்டுக் கூட்டத்தைத் தொடங்காதீர்கள். பத்தே நிமிடத்தில் ஆளுக்கொரு கட்சி கட்டிவிடுவார்கள். பிறகு யாரும் யோசிக்க மாட்டார்கள், வாதாடத்தான் செய்வார்கள். விதிகளைத் தரம் பிரிப்பதில் தொடங்குங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர், 75 நிமிடம், 12 அட்டைகள் போதும். அட்டைக்கு ஒரு விதி. நான்கு விதிகள் பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுப்பவை: திருட்டு, பொய்ச்சாட்சி போன்றவை. நான்கு வழிபாட்டைச் சேர்ந்தவை: நோன்பு, தலையை மூடுவது, ஓய்வுநாள் போன்றவை. மீதி நான்கும் இரண்டுக்கும் நடுவில் நிற்கட்டும்: பெற்றோரைப் பேணுதல், வருமானத்தில் ஒரு பங்கு தானம், புலால் மறுத்தல், மது தொடாமை. சூடு பிடிப்பது இவற்றில்தான் என்பதால் இவற்றை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

எல்லா அட்டைக்கும் ஒரே கேள்வி: "இந்த விதியை மதமே நாளைக்கு எடுத்துவிட்டால், அப்போதும் இதை மீறுவது தவறா?" முதல் 10 நிமிடம் யாரும் பேசக் கூடாது, அவரவர் விடையைத் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால், முதலில் வாய் திறப்பவர் பின்னாலேயே எல்லோரும் போய்விடுவார்கள். அவர் மதகுருவாகவோ வயதில் மூத்தவராகவோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கேள்வி சோதித்துப் பார்க்கப்பட்டது. உளவியலாளர்கள் லாரி நூசியும் எலியட் டூரியலும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பக்தியான கிறித்தவ, யூதக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதே வகைக் கேள்விகள் கேட்கப்பட்டன. கடவுளின் விதி இல்லையென்றால் சடங்கு விதியை மீறலாம் என்றவர்களில் பெரும்பாலோர், திருட்டு அப்போதும் தவறுதான் என்றார்கள்.

"கடவுள் அப்படி எடுக்கவே மாட்டார்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அதை மழுப்பல் என்று ஒதுக்காதீர்கள், "ஏன் மாட்டார்?" என்று மட்டும் கேளுங்கள். "அவர் நல்லவர்" என்று பதில் வந்தால், பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' உரையாடலில் சாக்ரடீஸ் கேட்ட இடத்துக்கு வந்துவிட்டீர்கள்: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமானது என்பதால் விரும்புகின்றனவா? இங்கே அவசரப்பட்டு வெற்றி அறிவிக்காதீர்கள். நன்மை கடவுளின் இயல்பே, அவருக்கு வெளியே தனி அளவுகோல் இல்லை என்பது இறையியலாளர்களின் பழைய பதில். அதையும் நீங்களே எடுத்து வைத்தால்தான் நம்பிக்கையாளர்கள் அறையில் தொடர்ந்து பேசுவார்கள்.

கூட்டம் பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: தன் மதத்தின் நூலை எடுத்துக்கொண்டு அடுத்த மதத்துக்காரரின் நடத்தையோடு ஒப்பிடுவது. நாத்திகர்களும் இதையே செய்வார்கள். நூலுக்கு நூல், நடத்தைக்கு நடத்தை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசி 15 நிமிடத்துக்கு வேறு கேள்வி: சரி எது என்று தெரிந்தும் ஏன் செய்வதில்லை? உளவியலாளர்கள் டார்லி, பேட்சன் இருவரும் 1973இல் வெளியிட்ட பிரின்ஸ்டன் ஆய்வைச் சொல்லுங்கள். உரையாற்றப் போன 40 இறையியல் மாணவர்களின் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்தார். மிகுந்த அவசரத்தில் போனவர்களில் 10 சதவீதமும், அவசரமில்லாதவர்களில் 63 சதவீதமும் உதவினர். வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியனின் பைபிள் கதையைப் பற்றிப் பேசப் போனதுகூடக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை.

வாக்கெடுப்பு வேண்டாம். சீட்டைத் திருப்பிக் கொடுத்து, விடை மாறியவர்கள் பின்பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் எழுதட்டும். பெயர் எழுதச் சொல்லாதீர்கள்.