எதற்கெடுத்தாலும் ‘ஜாயின்’ போடாமல் எழுதுவது எப்படி?

வேலை கேட்டு அனுப்பிய முதல் மெயிலில் ‘ஐ ஹேவ் ஜாயின்ட் மை சி.வி.’ என்று எழுதியிருந்தேன். பதில் வரவில்லை. காரணம் அதுதான் என்று சொல்ல முடியாது, ஆனாலும் இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. நமக்கு ‘சேர்’ என்ற ஒரு சொல்லே போதும்: பள்ளிக்கூடத்தில் சேர்கிறோம், தேத்தண்ணிக்குச் சீனி சேர்க்கிறோம், சீட்டுக்குக் காசு சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல்.

பட்டியல் மனப்பாடம் வேண்டாம். எழுதுவதற்கு முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சேர்ந்த பிறகும் இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறதா?

தெரிகிறது, கழற்றவும் முடியும் என்றால் கனெக்ட் அல்லது அட்டாச். போனை வைஃபையில் போடுவது கனெக்ட். பெரியதோடு சின்னதை இணைப்பது அட்டாச், என் சி.வி. போயிருக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டுக்கும் பின்னால் ‘டூ’ வரும்.

பிரித்துப் பார்க்க முடியாதபடி கலந்துவிட்டால் மிக்ஸ் அல்லது பிளெண்ட். சீமெந்தையும் மணலையும் குழைப்பது மிக்ஸ். ஊவாத் தேயிலையின் வாசமும் ருஹுணுத் தேயிலையின் கடும் சாயமும் ஒரே கோப்பையில் இறங்க வேண்டும் என்று அளவு பார்த்து, ருசி பார்த்து, மறுபடி அளவை மாற்றிக் கலக்கிறார்களே, அது பிளெண்ட். அந்த வேலையை மிக்ஸ் என்று சொன்னால் டீ டேஸ்டருக்குக் கோபம் வரும். இரண்டு கம்பெனி ஒரே கம்பெனியானால் மெர்ஜ்.

அப்போ ஜாயின் எங்கே? ஏற்கெனவே இருக்கிற ஒன்றுக்குள் போய்ச் சேரும்போது. கொத்மலை ஓயா போய்ச் சேர்ந்த பிறகும் ஆற்றின் பெயர் மகாவலிதான், அதனால் ‘தி கொத்மலை ஓயா ஜாயின்ஸ் தி மகாவலி’. யூனியனில் சேர்வதும் இப்படியே: ‘ஜாயின் த யூனியன்’. நடுவில் ‘டூ’ போடக் கூடாது, நம் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். ஜங்ஷன் என்ற சொல்லும் இதே லத்தீன் வேரில் வந்தது. கண்டி ரயில் பாதையும் பதுளை ரயில் பாதையும் பிரிகிற பேராதனை ஜங்ஷனை நினைத்தால் சிரிப்பு வரும்.

ஆட்கள் தாமாகவே கூடினால் கேதர். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் ஆளைக் கூப்பிட்டு எண்ணி வேலைக்குப் பிரிப்பது மஸ்டர், ‘பெரட்டு’ என்பதே பரேட் திரிந்து வந்த சொல்தான். அலுமாரித் துண்டுகளைப் பூட்டி நிறுத்துவது அசெம்பிள், சீட்டுக்காசு வாங்குவது கலெக்ட்.

அப்புறம், கம்பைனுக்குப் பின்னால் ‘டுகெதர்’ எழுதாதீர்கள், அது நடு சென்டர் என்று சொல்கிற மாதிரி. மெயில் அனுப்பும் முன் பைல் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். என் இரண்டாவது மெயிலில் ‘அட்டாச்ட்’ என்று சரியாக எழுதிவிட்டு, சி.வி.யைப் போட மறந்துவிட்டேன்.