பார்ட்டிக்குள் ஒரு வில்லன்: புது டிஎம்கள் சறுக்கும் இடங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதை நகர்த்தும் ஆட்டம். அதை நடத்தத் தொடங்கும் எந்த டிஎம்முக்கும் (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துபவர்) மூன்றாவது, நான்காவது செஷனுக்குள் இந்தத் தலைவலி வந்துவிடும். ஆட்டக்காரர்களில் ஒருவர், "இந்த வாட்டி நான் ஈவில் கேரக்டர் ஆடுறேன் மச்சி" என்பார். விடலாமா, கூடாதா?

தாராளமாக விடலாம். நல்லவர்கள் மட்டுமே இருக்கும் பார்ட்டியைவிட (ஒன்றாகச் சாகசம் போகும் கேரக்டர் கூட்டம்) சுவை கூடும். ஆனால் பெங்களூரில் ஞாயிறு மதியம் கூடும் டேபிள்களில் புதியவர்கள் இதைக் கையாளும் விதத்தைப் பார்த்தால், பழைய ஆட்கள் என்றோ விழுந்து எழுந்த அதே குழிகள்தான். கேரக்டரின் எண்கள் எழுதிய ஷீட்டை மறந்து வருவது, ரூல் தெரியாமல் வாதாடுவது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை தானாகச் சரியாகும். பல செஷன் நீளும் கதையான கேம்பெயினையே கவிழ்ப்பவை வேறு.

அலைன்மென்ட்டைக் கட்டளையாகப் படிப்பது

அலைன்மென்ட் என்பது ஒரு கேரக்டரின் குணச் சாய்வு. 1974-இல் இந்த ஆட்டம் வெளிவந்தபோது நல்லது, கெட்டது என்ற பிரிவே கிடையாது. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றுதான். குட், ஈவில் இரண்டும் 1977-இல் சேர்ந்தன. இரண்டு பிரிவையும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்த, இன்று எல்லோரும் மீம் போடும் ஒன்பது கட்டம் 1978 புத்தகத்தில் வந்தது. அந்தக் கட்டம் ஒரு கேரக்டர் எந்தப் பக்கம் சாய்வான் என்பதை மட்டும் காட்டும். 'கண்ணில் பட்டவனையெல்லாம் குத்து' என்று அதில் எங்கும் எழுதியில்லை.

லஃபுல் ஈவில் (ஒழுங்கு தவறாத கெட்டவன்) கேரக்டர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவான். அந்த வாக்கை வைத்தே எதிராளியின் கழுத்தை நெரிப்பான். நியூட்ரல் ஈவிலுக்குத் தன் லாபம்தான் கணக்கு. பார்ட்டி பிழைத்தால்தான் தானும் பிழைப்போம் என்பது அவனுக்கும் தெரியும். இந்த இரண்டையும் புதியவர்களுக்குக் கொடுக்கலாம். எந்தக் கட்டுக்கும் அடங்காத கேயாட்டிக் ஈவிலை முதல் கேம்பெயினில் மறுத்துவிடுங்கள். அதை நன்றாக ஆடக்கூடியவர்கள் உண்டு, ஆனால் அதை முதலில் கேட்டு வருகிறவர் பெரும்பாலும் அவர்களில் ஒருவராக இருப்பதில்லை.

பாலடின் மோப்பம் பிடிப்பார் என்று நம்புவது

மாட்டார். மூன்றாம் பதிப்பில் பாலடின் (புனித வீரர்) நினைத்தபோதெல்லாம் தீமையை உணர்ந்தார். ஐந்தாம் பதிப்பின் 'டிடெக்ட் ஈவில் அண்ட் குட்' மந்திரம் பேய், பிசாசு, தேவதை போன்ற உயிரின வகைகளைத்தான் காட்டும். பக்கத்தில் படுத்திருக்கும் மனிதத் திருடனைக் காட்டாது.

ரகசியமாக நடத்துவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

டிஎம்முக்கும் ஈவில் ஆட்டக்காரருக்கும் தனி வாட்ஸ்அப் ஓடும். "எல்லாரும் தூங்கினப்புறம் ஃபைட்டரோட பையில கை வைக்கிறேன்." டிஎம் டேபிளுக்கு அடியில் பதில் தட்டுவார். சற்று நேரத்தில் இருவரும் எழுந்து பால்கனிக்குப் போவார்கள், கதவு சாத்தப்படும். உள்ளே நான்கு பேர் ஆறிப்போன மசால்வடையைப் பிட்டுக்கொண்டு ஃபோனை நோண்டுவார்கள். நான்கு மணி நேர செஷனில் மூன்று தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும், நான்கு பேருக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் காற்றோடு போனது. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்தவர் சில்க் போர்டு டிராஃபிக்கில் தொலைத்தது தனிக் கணக்கு.

நேரமாவது போகட்டும். அந்தத் திருட்டை டிஎம் டைஸிடம் விடுகிறாரே, அதுதான் பொறுக்கவில்லை. "ரோல் பண்ணு, நியாயமா இருக்கட்டும்" என்பார். என்ன நியாயம்? ஐந்தாம் லெவல் ரோக் (திருட்டில் தேர்ந்த கேரக்டர்) ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கைவேகத்தைச் சொல்லும் டெக்ஸ்டெரிட்டி 18, அதற்குக் கூடுதல் 4. பயிற்சிக்காக அந்த லெவலில் கிடைக்கும் புரொஃபிஷியன்சி 3. அதில் தனித் தேர்ச்சி, அதாவது எக்ஸ்பர்ட்டீஸ் இருந்தால் இரட்டிப்பாகி 6. ஆக, ஸ்லைட் ஆஃப் ஹேண்டுக்கு (கைத்திருட்டுத் திறன்) டைஸோடு கூட்ட மொத்தம் 10. பெர்செப்ஷனில் பயிற்சியில்லாத, விஸ்டம் 10 உள்ள ஃபைட்டரின் பாசிவ் பெர்செப்ஷன் (தானாகக் கவனிக்கும் அளவு) வெறும் 10. இருபது பக்க டைஸில் ரோக்குக்கு 1 விழுந்தாலும் 11 ஆகிவிடும். அதாவது தோற்கவே வழியில்லை! ஸ்கில் செக்கில் 1 விழுந்தால் தானாகத் தோல்வி என்ற விதியும் ஐந்தாம் பதிப்பில் இல்லை. பூட்டையும் காவலாளியையும் ஏமாற்றக் கொடுத்த எண்களை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன்மேல் திருப்பினால் இப்படித்தான் ஆகும்.

இதைவிட மோசம், மயங்கிக் கிடக்கும் தோழனைக் குத்துவது. உயிர்க் கணக்கான ஹிட் பாயின்ட் பூஜ்யமாகி விழுந்தவரை ஐந்து அடிக்குள் நின்று அடித்தால், பட்ட அடி தானாகவே கிரிட்டிக்கல், அதாவது பலத்த அடி. ஒரு கிரிட்டிக்கலுக்கு டெத் சேவில் (உயிர் தப்பும் சோதனை) இரண்டு தோல்வி. மூன்று தோல்வியில் சாவு. இரண்டு குத்து போதும். எட்டு மாதம் வளர்த்த கேரக்டர் போயே போச்சு.

ரகசியம் என்றாவது உடையும். அன்று மற்றவர்களுக்கு இரண்டே வழிதான். துரோகியின் கேரக்டரைக் கொன்றால் அவர் புது ஷீட்டோடு வருவார், மனக்கசப்பு அப்படியே இருக்கும். ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்று ஒன்றும் நடக்காததுபோல் அவனைக் கூடவே கூட்டிக்கொண்டு போனால், ஏமாந்தவரே முட்டாளாகவும் நடிக்க வேண்டும். இரண்டாவதைச் செய்கிற டேபிளில் அடுத்த மாதமே ஒருவர் 'ஆபீஸ்ல வேலை' என்று நின்றுவிடுவார்.

அதிர்ச்சியில்தான் சுவை இருக்கிறது என்று நினைப்பதால் வரும் வினை இது. சகுனி உருட்டும் பகடையில் சூது இருப்பது கூத்துப் பார்க்கும் கடைசி வரிசைப் பாட்டிக்கும் தெரியும். தருமன் ஒவ்வொன்றாகப் பணயம் வைக்கும்போது நெஞ்சு பதறுவது அது தெரிவதால்தான். டேபிளிலும் அப்படியே நடத்துங்கள். கேரக்டர்களுக்குத் தெரியாது, ஆட்டக்காரர்களுக்குத் தெரியும்.

செய்முறை எளிது. தனி மெசேஜ் அறவே இல்லை. ஈவில் ஆட்டக்காரர் தான் செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்வார்: "உன் பையிலேர்ந்து அந்த மோதிரத்தை எடுக்கப் பாக்குறேன், சரியா?" அது நடக்கிறதா இல்லையா என்பதை பாதிக்கப்படுபவர் சொல்வார், டைஸ் கிடையாது. "எடுத்துக்கோ. ஆனா காலையில கைரேகை மாதிரி ஒரு தடயம் விட்டுட்டுப் போ" என்பார் ஒருவர். "வேணாம்டா, அது எங்க அம்மா மோதிரம்" என்றால் அத்தோடு முடிந்தது. திருடன் கை நீட்டி, மனம் மாறித் திரும்பினான் என்று கதையில் சொல்லிக்கொள்ளலாம். சம்மதித்து ஏமாந்தவருக்கு ஒரு இன்ஸ்பிரேஷன் (டைஸ் உருட்டும்போது உதவும் பரிசு) கொடுங்கள். அதன்பின் கேட்காமலே வந்து மாட்டிக்கொள்வார்கள்.

"என் கேரக்டர் அப்படித்தான்டா, நான் என்ன பண்ண?" என்று யாராவது சொன்னால், அந்தக் கேரக்டரை எழுதியது யார் என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

செஞ்சோற்றுக் கடன் இல்லாமல் சேர்ப்பது

துரியோதனன் பக்கம் நியாயம் இல்லை என்று கர்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் நின்றான் என்பதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. ஈவில் கேரக்டருக்கும் அப்படி ஒரு கட்டு வேண்டும். ஷீட்டில் எண் நிரப்பும் முன் மூன்று வரி எழுதி வாங்குங்கள். பார்ட்டியில் யாரை எந்த நிலையிலும் காட்டிக்கொடுக்க மாட்டான், ஏன்? தனியாளாக அடைய முடியாத எதை அவன் தேடுகிறான்? எந்தக் கட்டத்தில் பார்ட்டியை விட்டுப் போவான்?

முதல் வரிக்கு "கிளெரிக் என் உயிரைக் காப்பாத்துச்சு" என்பதுகூடப் போதும், ஆனால் கிளெரிக் (குணமாக்கும் பூசாரி கேரக்டர்) ஆடுபவரும் அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். விடாதீர்கள்.

காவலர்களைத் திடீர்ப் பயில்வான்களாக்குவது

ஈவில் கேரக்டர் சந்தையில் ஒரு வியாபாரியைக் கொன்றதும் டிஎம்முக்குக் கோபம் வருகிறது. ரூல்புக்கில் காவலருக்கு 11 ஹிட் பாயின்ட், அடிபடாமல் காக்கும் ஆர்மர் கிளாஸ் 16. நேற்றுவரை அப்படி இருந்தவர்கள் இன்று 80 ஹிட் பாயின்ட்டோடு தெருமுனையில் நிற்பார்கள். தண்டனை கொடுக்கிறார் என்பது ஆட்டக்காரர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

விளைவு மெதுவாக வரட்டும். முதல் செஷனில் வதந்தி: சத்திரக்காரர் அறை இல்லை என்கிறார், பொருள் விலை ஒன்றரை மடங்கு. அடுத்ததில் சுவரில் படம், தலைக்கு விலை. மூன்றாவதில் பார்ட்டியின் லெவலுக்கு ஏற்ற ஒரே ஒரு வேட்டைக்காரர், பெயரோடும் முகத்தோடும். செத்த வியாபாரியின் தங்கையாக இருந்தால் இன்னும் நல்லது.

சித்திரவதையை விவரிப்பது

'கதவு சாத்தப்பட்டது, தகவல் கிடைத்தது' என்று மட்டும் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

குழந்தைகள், பாலியல் வன்முறை

முதல் செஷனுக்கு முன்பே கோடு போடுங்கள். பேச்சுவார்த்தை இல்லை.

முழு பார்ட்டியும் ஈவில்

ஆறேழு செஷனுக்குமேல் இழுக்க வேண்டாம். ஒரு முதலாளி, ஒரு கொள்ளை, பங்கு எவ்வளவு என்று முதல் நாளே பேச்சு. பொது எதிரி இல்லாத செஷனில் இவர்கள் ஒருவரையொருவர் கடிக்கத் தொடங்குவார்கள்.

வெளியேறும் வாசலை மறப்பது

அந்த மூன்றாவது வரியில் எழுதிய கட்டம் வந்துவிட்டது. ஈவில் கேரக்டர் பார்ட்டியை முறித்துக்கொள்கிறான். அவன் பேசும் கடைசி வசனம் ஆட்டக்காரருடையது. அதன்பின் ஷீட்டை டிஎம் வாங்கிக்கொள்கிறார், அவன் இனி என்பிசி, டிஎம் ஆட்டுவிக்கும் கேரக்டர். ஆட்டக்காரர் அடுத்த ஞாயிறு பார்ட்டியின் அதே லெவலில் புது கேரக்டரோடு உட்காருவார். பழையவன் என்னென்ன செய்யக்கூடியவன் என்பது டேபிளில் எல்லோருக்கும் அத்துப்படி, அவன் மறுபடி எப்போது வருவான் என்பது டிஎம்முக்கு மட்டும் தெரியும்.